ஆகத்தா மண்டியிட்ட இடம்

விசாரணை மன்றம் செறுகுன்னத்துக்கு வரும் நாள் குறிக்கப்பட்டதும் மதர் கிளெமென்ஸ் முதலில் மெழுகுதிரிகளை ஒளித்தார்.

சிஸ்டர் ஆகத்தாவின் கல்லறை மேல் இருந்தவை, பள்ளிக்கூட முற்றத்தில் அவள் மண்டியிட்ட இடத்தில் பதித்த சலவைக்கல்லைச் சுற்றி இருந்தவை எல்லாவற்றையும் இரண்டு சாக்கில் கட்டி நெல்லறைக்கு அனுப்பினார். ரோம் சொல்வதற்கு முன்பே ஊர் ஒருத்தியைப் புனிதையாக்கிவிட்டால் வழக்கு அங்கேயே நின்றுபோகும். சிஸ்டர் ஆகத்தாவை யாரும் இன்னும் வணங்கவில்லை என்று மூன்று பேர் நேரில் பார்த்து எழுத வேண்டும். கல்லில் ஒட்டிய மெழுகை இரண்டு இளம் கன்னியாஸ்திரிகள் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு மதர் குடையை எடுத்துக்கொண்டு கொச்சுத்ரேஸ்யா டீச்சர் வீட்டுக்கு வந்தார்.

"டீச்சரே, ஆகத்தாம்மாவோட கூடப் படிச்சவங்கன்னு உயிரோட இருக்கிறது நீங்க ஒருத்தர்தான். வியாழக்கிழமை வரைக்கும் செத்துகித்துப் போயிடாதீங்க."

"பாக்கறேன்."

"பயப்பட ஒண்ணுமில்ல. நமக்குத் தெரிஞ்ச கதைதான். ஆகத்தாம்மா சரித்திரப் புத்தகத்துல இருக்கிறத அப்படியே சொன்னா போதும்."

"புத்தகத்துல இருக்கிறது நான் சொன்னதுதானே."

"அதான் சொல்றேன். மறக்கவே மாட்டீங்க."

மதர் கிளெமென்ஸ் இவளிடம் நான்காம் வகுப்பில் கணக்குப் படித்தவர். அறுபது வயதிலும் டீச்சர் முன்னால் நாற்காலி நுனியில்தான் உட்காருவார். பால் விடாத கட்டன் சாயாவைக் குடித்துவிட்டு அழைப்புத் தாளை மேஜையில் வைத்துப் போனார்.

கொச்சுத்ரேஸ்யா தாளைத் தொடவில்லை. சன்னலை மூடினாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். முற்றம் முழுக்கச் சிவந்த சரளை.

ஊருக்குத் தெரிந்த கதை இது. 1924ல், நற்கருணைத் திருவிழா அன்று, போர்டிங்கில் யாரோ ஒரு பிள்ளை விடியுமுன் பலாச்சுளை தின்றுவிட்டுப் பூசையில் நன்மை என்கிற நற்கருணை அப்பம் வாங்கியது. நள்ளிரவுக்குப் பிறகு ஒரு மிடறு தண்ணீர் கூடக் கூடாது என்று இருந்த காலம். அது பெரும் பாவம். பழி பத்து வயது ஆகத்தா மேல் விழுந்தது. அவள் மறுக்கவில்லை. வாய் திறக்கவில்லை. யாருடைய பாவத்துக்கோ மூன்று நாள் சரளையில் மண்டியிட்டாள். அந்த முழங்காலில்தான் பின்னால் சீழ் வைத்தது. கன்னியாஸ்திரியாகி, அதே பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் பாடம் நடத்தி, எலும்பு நோயில் இருபத்தேழு வயதில் இறந்தாள். வாய் பேசாத பிள்ளைகளை இங்கே கூட்டி வந்தார்கள். வீண்பழி சுமந்தவர்கள் வந்தார்கள். நவநாள் செபத்தில் அவளுக்கு 'மௌனத்தின் லீலி மலர்' என்று பெயர்.

நடந்தது வேறு. தின்றது கொச்சுத்ரேஸ்யா.

சமையற்கட்டுத் திண்டில் பாதி வெட்டிய பலா சாக்கு மூடிக் கிடந்தது. நாலு சுளை. விரலில் பிசின் ஒட்டிக்கொண்டது. தண்ணீரில் போகவில்லை. படிக்கட்டில் மாட்டியிருந்த வெள்ளை முக்காடு ஒன்றில் துடைத்தாள், பிறகு மாதா விளக்கின் எண்ணெயைத் தொட்டுத் தேய்த்துக் கழுவினாள். முக்காடு ஆகத்தாவுடையது. பூசை முடிந்து அதில் கறை தெரிந்தபோது போர்டிங் மதர் எல்லோரையும் முற்றத்தில் நிறுத்திக் கையை முகர்ந்து பார்த்தார். கொச்சுத்ரேஸ்யாவின் முறை வந்ததும், கேட்காமலே சொன்னாள்: "ஆகத்தா எனக்கும் ஒரு சுளை தந்தா மதர். நான் வேண்டாம்னுட்டேன்."

ஆகத்தா வாய் திறந்தாள். தொண்டை கிழியக் கத்தினாள். "நான் தின்னல. கொச்சுத்ரேஸ்யா பொய் சொல்றா. அவ வாய மோந்து பாருங்க." யாரும் முகர்ந்து பார்க்கவில்லை. கொச்சுத்ரேஸ்யாவின் சித்தப்பா அப்போது அந்த ஊர்ப் பங்குக் குரு.

தண்டனை முற்றத்தில், கோயிலைப் பார்த்து மண்டியிடுவது. காவலிருந்த சிஸ்டர் உள்ளே போனதும் ஆகத்தா முழங்காலிலேயே ஊர்ந்து திரும்புவாள். சரளை கரகரக்கும். திரும்பி வகுப்பறையின் மூன்றாவது சன்னலைப் பார்ப்பாள். அந்தச் சன்னலோரம் கொச்சுத்ரேஸ்யாவின் இடம். மூன்று நாளும் பார்த்தாள். அழுதபடி பார்க்கவில்லை.

அதோடு முடியவில்லை. குருவிடம் பாவத்தை ஒப்புக்கொண்டு பாவசங்கீர்த்தனம் செய்தால்தான் இனி நன்மை என்றார்கள். செய்யாத பாவத்தைச் செய்தேன் என்று கூண்டில் போய்ச் சொல்ல மாட்டேன் என்றாள் ஆகத்தா. இருபத்தேழு ஞாயிறு, எல்லாப் பிள்ளைகளும் எழுந்து வரிசையில் போக, அவள் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கிறிஸ்மஸ் தியானத்துக்கு வந்த வெளியூர் அச்சன் கூண்டுக்குள் வெகுநேரம் அவள் சொன்னதைக் கேட்டார். மறுநாள் நன்மை கொடுத்தார். என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது.

இறப்பதற்கு ஒரு மாதம் முன்னால் கொச்சுத்ரேஸ்யா மடத்துக்கு அவளைப் பார்க்கப் போனாள். அப்போது அவளும் அந்தப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஆரஞ்சு கொண்டுபோயிருந்தாள். ஆகத்தா ஆரஞ்சைப் பார்க்கவில்லை.

"சொல்லிட்டியா?" என்றாள்.

"சொல்லிடறேன்."

ஆகத்தா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆகத்தா இறந்த முதலாண்டுத் திருப்பலிக்குப் பிறகு கொச்சுத்ரேஸ்யா சொல்லத்தான் எழுந்தாள். இருநூறு பேர் இருந்தார்கள், முன் வரிசையில் கணவன், மாமனார். பழி, பலா, சரளை வரைக்கும் வந்தாள். அடுத்தது தன் பெயர். அந்த இடத்தில், "அவ ஒரு வார்த்தை பேசல. யாருக்காகவோ ஏத்துக்கிட்டா" என்று வந்தது. கத்தினாள் என்றால், யார் பேரைச் சொல்லிக் கத்தினாள் என்று கேட்பார்களே. அழுகை வந்தது. ஊரும் சேர்ந்து அழுதது. அடுத்த வருஷம் அது புத்தகத்தில் வந்தது.

பாவசங்கீர்த்தனத்தில் பலமுறை சொன்னாள். வேளாங்கண்ணியில் சொன்னாள், மலையாற்றூரில் சொன்னாள். எல்லா அச்சன்களும் மன்னித்தார்கள். ஆனாலும் நாற்பத்தைந்து வருஷமாகத் தினமும் காலை முதல் மணி அடித்ததும் சரளை கரகரக்கும். யாரோ முழங்காலில் மெல்லத் திரும்புகிற சத்தம். முதலில் முற்றத்தில் மட்டும் கேட்டது. ஓய்வு பெற்றபின் ரோட்டைத் தாண்டி வந்தது. கணவன் இறந்தபின் வீட்டு நடையில். சிமெண்டு தரையில் சரளை எப்படி வரும் என்று ஒருநாள் குனிந்து தடவிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. நிமிர்ந்தபோது சத்தம் அறைக்குள் இருந்தது. குவைத்தில் இருக்கும் மகன் காது டாக்டரிடம் காட்டச் சொன்னான். காது இந்த வயசுக்கு நல்லா இருக்கு என்றார் டாக்டர்.

அழைப்பு கிடைத்ததென்று புதன்கிழமை மடத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. போனாள்.

முற்றத்தில் ஒரு சின்னப் பெண் மண்டியிட்டிருந்தாள். சட்டையும் முண்டும் புதுசு. பக்கத்தில் குடைபிடித்து நின்றவள் ஏலியாம்மச் சேடத்தி; மூத்தவள் என்று ஊரே அப்படிக் கூப்பிடும். கோயிலில் எல்லோருக்கும் தெரிந்த வாய்.

"இது யாரு சேடத்தி?"

"இளையவன் பொண்டாட்டி. சிசிலிக்குட்டி. கல்யாணம் ஆகி ஆறு மாசம். என் வளையல் ஒண்ணு காணோம். கேட்டா, ஒண்ணுக்குப் பத்தா பதில் சொல்றா. சாப்பாட்டுக்கு வாய் திறக்கறத விட சண்டைக்குத்தான் அதிகம். ஆகத்தாம்மா மாதிரி கொஞ்சம் அடக்கம் வரட்டும்னு ஒன்பது நாள் நேர்ந்திருக்கேன்."

"நேர்ந்தது நீங்க. முட்டி அவளோடதா?"

"எனக்கு வாதம், டீச்சர்."

சேடத்தி நிழலுக்குப் போனாள். கொச்சுத்ரேஸ்யா அந்தப் பெண்ணின் பக்கத்தில் நின்றாள்.

"நீ எடுத்தியா?"

"இல்ல."

"சொன்னியா?"

"சொன்னேன். அடிச்சாங்க. எங்க அம்மாகிட்ட சொன்னேன். ஆகத்தாம்மாவே பேசாம இருந்தாங்க, நீ யாருடீன்னாங்க." சிசிலிக்குட்டி தலை நிமிரவில்லை. "இன்னும் ரெண்டு நாள்தான் டீச்சர். அதுக்கப்புறம் பழகிடும்."

சலவைக்கல் கோயிலைப் பார்த்திருந்தது. அந்தப் பெண்ணும் கோயிலைப் பார்த்திருந்தாள். அவளுக்குப் பின்னால், ஒன்றுமில்லாத சரளையில், அந்தச் சத்தம் கேட்டது. பகல் பதினொரு மணி. மணியடிக்காத நேரத்தில் கேட்டது அதுதான் முதல் தடவை. கொச்சுத்ரேஸ்யா திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்தாள். கையெழுத்துப் போடவில்லை.

வியாழக்கிழமை மன்றம் மூன்றாம் வகுப்பு அறையில் கூடியது. பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளி ஒரு மேஜை போட்டிருந்தார்கள். நடுவில் நீதிபதி செரியான் அச்சன். வலப்பக்கம் எழுத்தர் சிஸ்டர் தொலோரோசா, தட்டச்சு யந்திரத்தோடு. இடப்பக்கம் இட்டியவிரா அச்சன். ஆகத்தாவிடம் குறை கண்டுபிடிப்பது அவர் வேலை. பெரிய உடம்பு, மூக்குப்பொடி வாசனை.

கொச்சுத்ரேஸ்யா சுவிசேஷப் புத்தகத்தில் கை வைத்து உண்மை சொல்வதாகச் சத்தியம் செய்தாள். இங்கே கேட்டதையும் சொன்னதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று இன்னொரு சத்தியம்.

"உக்காருங்க டீச்சர்" என்றார் செரியான் அச்சன். "அந்த மூணு நாள் சம்பவத்த உங்க வார்த்தையிலேயே சொல்லுங்க."

உட்கார்ந்தாள். மூன்றாவது சன்னல் நேர் எதிரே இருந்தது. வெளியே முற்றத்தில் பெண்கள் கூடியிருந்தார்கள். அவர்கள் முகங்களுக்குக் கீழே, சரளையில், ஒரு முகம் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது போல இருந்தது. கண்ணாடியைக் கழற்றினாள். அப்படியும் அது மங்கவில்லை.

"பலாச்சுளைய தின்னது நான்" என்றாள்.

தட்டச்சு நின்றது.

சொன்னாள். பிசின், எண்ணெய், முக்காடு, சித்தப்பா. சொல்வதற்கு இவ்வளவுதானா என்று இருந்தது. கால்மணி நேரம் கூட ஆகவில்லை.

செரியான் அச்சன் நெற்றியைத் தடவினார். "மௌனம்னு புத்தகத்துல இருக்கே."

"அது நான் போட்டது. அவ கத்தினா."

இட்டியவிரா அச்சன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "கோவமா?"

"கோவமா."

"உங்கள ஏதாவது திட்டினாளா?"

"பொய்க்காரின்னா. திருட்டு நாயேன்னா."

"பத்து வயசுல."

"பத்து வயசுல."

"அதுக்கப்புறம் உங்கள மன்னிச்சாளா?"

கொச்சுத்ரேஸ்யா சன்னலைப் பார்த்தாள். "தெரியாது, அச்சனே. மன்னிச்சேன்னு சொல்லல."

"நீங்க கேட்டீங்களா?"

"இல்ல."

"சாகக் கிடக்கறப்போ கூட?"

"அவதான் என்கிட்ட கேட்டா. சொல்லிட்டியான்னு. நான் ஆரஞ்சு உரிச்சுக்கிட்டிருந்தேன்."

மன்னிக்காதவளைப் பீடத்தில் ஏற்ற முடியாது என்பது அறையில் இருந்த நாலு பேருக்கும் தெரியும். நாற்பத்தைந்து வருஷ வேலை, மதர் கிளெமென்ஸின் பாதி ஆயுசு, அந்த மேஜையில் கிடந்தது.

"நன்மை வாங்காம இருந்தது எத்தனை நாள்னு சொன்னீங்க?" என்று இட்டியவிரா அச்சன் கேட்டார்.

"இருபத்தேழு ஞாயிறு."

"ஆமா தின்னேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அடுத்த ஞாயிறே கிடைச்சிருக்கும்."

"சொல்ல மாட்டேன்னுட்டா."

அவர் பொடி டப்பாவைத் திறந்து, போடாமல் மூடினார். அதற்குப் பிறகு கேள்வி கேட்கவில்லை.

சிஸ்டர் தொலோரோசா வாக்குமூலத்தை வாசித்தார். "'இறை ஊழியர் ஆகத்தா தம்மேல் சுமத்தப்பட்ட குற்றத்தைப் பணிவுடன் மறுத்துரைத்தார் என்று சாட்சி கூறுகிறார்.'"

"பணிவா இல்ல சிஸ்டர். கத்தினா."

"ஆவணத்துல அப்படி எழுதற பழக்கம் இல்ல டீச்சர்."

"அப்போ கையெழுத்து இல்ல."

"'உரத்த குரலில்'னு போடட்டுமா?"

"கத்தினா. 'அவ வாய மோந்து பாருங்க'ன்னா. அதையும் போடுங்க."

சிஸ்டர் நீதிபதியைப் பார்த்தார். நீதிபதி இட்டியவிரா அச்சனைப் பார்த்தார்.

"போடுங்க சிஸ்டர்" என்றார் அவர். "ரோம்ல மொழிபெயர்க்கிறவன் பாடு."

யந்திரம் தட்டியது. அவள் மூன்று பிரதியிலும் கையெழுத்துப் போட்டாள். எழுந்தபோது இட்டியவிரா அச்சன் கதவு வரைக்கும் கூட வந்தார்.

"சத்தியம் ஞாபகம் இருக்கில்ல டீச்சர்? இங்க பேசினது வெளியே போகக் கூடாது."

"தெரியும்."

"1924ல நடந்தது இங்க பேசினது ஆகாது. அது உங்களோடது." அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "உண்மைய எங்ககிட்ட ஒப்படைச்சிட்டு வீட்டுக்குப் போயிடலாம்னு நெனச்சீங்களோ?"

அப்படித்தான் நினைத்திருந்தாள்.

வெளியே வெயில். முற்றத்தில் முப்பது பெண்கள் இருப்பார்கள். மதர் கிளெமென்ஸ் ஓடி வந்தார்.

"என்ன கேட்டாங்க? வேண்டாம், சொல்லக்கூடாது. நல்லா நடந்துச்சான்னு மட்டும் சொல்லுங்க."

கொச்சுத்ரேஸ்யா அவரைத் தாண்டிச் சரளையில் இறங்கினாள். சலவைக்கல்லில் சிசிலிக்குட்டி மண்டியிட்டிருந்தாள். எட்டாம் நாள்.

"அவ பேசாம இருக்கல" என்றாள் கொச்சுத்ரேஸ்யா.

குரல் வகுப்பறைக் குரலாக வந்தது. பெண்கள் திரும்பினார்கள்.

"நான் சொன்ன கதை பொய். பலா தின்னது நான். ஆகத்தா தின்னான்னு நான்தான் சொன்னேன். இந்த முற்றத்துல நின்னு அவ கத்தினா. என் பேரச் சொல்லிக் கத்தினா. அது வெளிய வரக் கூடாதுன்னுதான் அவ வாய நான் மூடினேன்."

மதர் கிளெமென்ஸின் கண்கள் நிறைந்தன. "டீச்சரே" என்றார். பெண்கள் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா? ஆகத்தாம்மா மாதிரியே. யாரோ செஞ்ச பாவத்த இந்த வயசுல தன் தலையில ஏத்துக்கறாங்க."

"இல்ல மதர். நான்தான்."

"தெரியும் டீச்சர், தெரியும்."

"நான்தான்னு சொல்றேன்."

"கூடப் படிச்சவங்கல்ல" என்றாள் ஒருத்தி. "அந்தக் குணம் இவங்களுக்கும் வந்திருக்கு." வேறொருத்தி கும்பிட்டாள். ஏலியாம்மச் சேடத்தி வாதத்தை மறந்து குனிந்து டீச்சரின் கையைப் பிடித்து முத்தமிட்டாள். கொச்சுத்ரேஸ்யா கையை இழுத்தாள். வரவில்லை. அந்தக் கையை இன்னொருத்தி பிடித்தாள், மற்றதை வேறொருத்தி. "நான் பொய் சொல்லல" என்று கத்தினாள். தன் குரல் மெலிந்து, உச்சத்தில் உடைவதைக் கேட்டாள். அவர்கள் இன்னும் நெருங்கி வந்தார்கள்.

அவர்கள் தோள்களுக்கு இடையில் சலவைக்கல் தெரிந்தது. அதில் யாரும் இல்லை.

சிசிலிக்குட்டி எழுந்து நின்றிருந்தாள். முண்டில் செம்மண். அவள் கும்பிடவில்லை. அருகில் வந்தாள்.

"அவங்க எத்தனை நாள் நன்மை வாங்கல டீச்சர்?"

"இருபத்தேழு ஞாயிறு."

"அந்த இருபத்தேழும் நீங்க வாங்கினீங்களா?"

"வாங்கினேன்."

அந்தப் பெண் அவளைப் பார்த்தாள். கண்ணில் கருணை எதுவும் இல்லை. கொச்சுத்ரேஸ்யா அந்தப் பார்வையை விட்டு முகத்தைத் திருப்பவில்லை.

சிசிலிக்குட்டி மாமியார் பக்கம் திரும்பினாள்.

"வளையல நான் எடுக்கல."

"இங்க வச்சுப் பேசாதடீ. கோயில் முற்றம்."

"இங்க வச்சுத்தான்" என்றாள். பிறகு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி: "உங்க மூத்த மகன் பெட்டியத் தொறந்து பாருங்க."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலில் சரளையைக் கடந்து கேட் வழியாகப் போனாள். சேடத்தியின் பிடி தளர்ந்தது. மற்றவர்கள் விடவில்லை. வரிசை கதவு வரைக்கும் நீண்டிருந்தது. ஒவ்வொருத்தியாக வந்து டீச்சர் கையை முத்தமிட்டுவிட்டு நகர்ந்தார்கள்.